கேளுங்க, பேசலாம்: அடுத்தவர் கல்யாணத்துக்கு நம் ஓட்டு

மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் கொடுக்கிற விலை பற்றி வந்த கடிதங்கள் எல்லாம் அடுத்த இதழுக்கு. போன இதழில் ஒருபாலினத் திருமணம் பற்றி ஒரு மாணவரின் கேள்வியை மட்டும் போட்டுவிட்டு, பதில் பிறகு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் அதையே பிடித்துக்கொண்டு இன்னும் பல பேர் எழுதிவிட்டீர்கள். திட்டு வந்ததும் உண்டு. அவருடைய கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், படிக்காதவர்களுக்காக மறுபடியும் போடுகிறேன்.

சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். தருமபுரியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தி, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணத்தையும் பதிவு செய்யலாம் என்று ஒரு மசோதா. கட்சி உத்தரவு எதுவும் கிடையாது, அவரவர் மனசாட்சிப்படி சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஹாஸ்டலில் ஆதரித்துப் பேசினாலே "அப்ப நீயும் அப்படியா" என்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன், "படிக்கப் போனியா, இதுக்குப் போனியா" என்றார். எனக்கு உண்மையிலேயே எந்தப் பக்கம் போடுவதென்று தெரியவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

தம்பி, தெரியவில்லை என்று சொன்னதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார். அதைத் தீர்ப்பிலேயே ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அந்த நிலைமை என்றால் மூன்றாம் ஆண்டு படிக்கிற பையனுக்கு என்ன?

அந்தச் சீட்டு உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு இது பிடிக்குமா என்று கேட்கவில்லை. எந்தக் கோயிலிலும் மணவறை போடச் சொல்லவில்லை. வயது வந்த இரண்டு பேர் பதிவு அலுவலகத்துக்கு வந்து நின்றால் அரசாங்கம் அவர்கள் பெயரைப் புத்தகத்தில் ஏற்றலாமா, கூடாதா? அவ்வளவுதான் கேள்வி. ஹாஸ்டலில் நடக்கிற சண்டை எல்லாம் சீட்டில் இல்லாத கேள்விகளைப் பற்றி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954இல் வந்தது. அய்யரும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம், ஹஜ்ரத்தும் வேண்டாம். நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டால் கல்யாணம். நானும் ஒரு சாதி மறுப்புத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோட்டீஸ் கொடுக்க அந்தப் பிள்ளைகளோடு போனபோது சுவர்ப் பலகையில் முன்னாடியே வேறு ஒரு ஜோடியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, ஒரு முனை பின் கழன்று ஃபேன் காற்றுக்கு மடங்கி மடங்கி விழுந்துகொண்டிருந்தது. பத்திரம் பதிய வந்த ஒருத்தர் அதை இடது கையால் நிமிர்த்திப் பிடித்து, வலது கையால் போனில் படம் எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு உறவும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. சும்மா எடுத்தார். நம்ம மாவட்டத்தில் அந்த மாதிரிப் படம் சாயங்கால பஸ்ஸுக்கு முன்னாடி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். இத்தனை பயம் இருந்தும் அந்தக் கையெழுத்துக்காக ஒரு மாதம் ஒளிந்து கிடக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என்ன இருக்கிறது என்றால், பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் "நீங்க அவருக்கு என்ன வேணும்" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. கூட வாழ்ந்தவர் உயில் எழுதாமல் செத்துப்போனால் வீடு யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம், வாரிசு வேலை, இன்ஷூரன்ஸ், எல்லாவற்றிலும் கணவன் மனைவி என்ற ஒரு வரி இருக்கிறது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தர் போனால், வாசலுக்கே வராத சித்தப்பா மகன் வந்து பூட்டுப் போடலாம், சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு, இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்து ஒருத்தரை ஒருத்தர் நாமினி ஆக்கிக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆக ரேஷன் கடை வரைக்கும் வந்தாச்சு, பதிவு அலுவலகம்தான் பாக்கி.

சரி, எதிர்ப்பக்கம் சொல்கிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் இல்லை. அதில் சிலது எனக்கும் யோசனை கொடுத்தது.

குழந்தை பிறக்காதே என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 60 வயதில் மறுமணம் செய்துகொள்கிற தாத்தாவிடம் பதிவாளர் அதைக் கேட்பதில்லை. சமுதாயம் கெட்டுவிடும் என்பதற்கு நம்ம ஊர்க் கதையே பதில். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மேடையில் தலைவர்கள் வாழ்த்திய கல்யாணம், பிள்ளை குட்டி எல்லாம் ஆன பிறகு, சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை! அண்ணா முதல்வரான பிறகு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், அதற்கு முன்னால் நடந்ததும் செல்லும் என்றும் எழுதினார்கள். அப்போதும் பண்பாடு போச்சு என்றுதான் பேசினார்கள். அதனால் அய்யர் வைத்துக் கல்யாணம் செய்த ஒரு குடும்பத்துக்காவது ஏதாவது குறைந்ததா? இன்றைக்கும் முகூர்த்த நாளில் தருமபுரியில் மண்டபம் கிடைக்கிறதா பாருங்கள்.

மதம் பற்றிய பயம் கொஞ்சம் வேறு. என் கோயிலில், என் சர்ச்சில் நடத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களோ என்பது நியாயமான பயம்தான். ஆஸ்திரேலியச் சட்டத்தில், மத குருமார் மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். உங்கள் மசோதாவில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்தம் கொடுங்கள், மாதிரி நாடாளுமன்றத்தில் திருத்தம் கொடுக்கிற ஆளுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

எனக்குக் கனமாகப் படுகிற ஆட்சேபம் வேறு. நம் சட்டங்கள் எல்லாமே ஆண், பெண் என்று பிரித்து எழுதப்பட்டவை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. இரண்டு ஆண்கள் என்றால் சரி, இரண்டு பேருக்கும் 21. இரண்டு பெண்கள் என்றால் 18 போதுமா? ஜீவனாம்சம் யார் யாருக்குக் கொடுப்பது? வாரிசுச் சட்டத்தில் விதவை என்று இருக்கிற இடத்தில் என்ன எழுதுவது? 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தந்த அடிப்படை உரிமை இல்லை, இதை நாடாளுமன்றம்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். (மற்ற சில விஷயங்களில்தான் 3-2 என்று பிரிந்தார்கள். மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன.) ஆனால் யோசித்துப் பாருங்கள், இதெல்லாம் மசோதாவை ஒழுங்காக எழுது என்பதற்கான காரணங்கள். வேண்டவே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் இல்லை.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, மசோதா ஜெயித்தால் யாருக்கு என்ன போகும், தோற்றால் யாருக்கு என்ன போகும் என்று எழுதிப் பாருங்கள். "சமுதாயம்", "பண்பாடு" என்று எழுதக் கூடாது, ஆள் இருக்க வேண்டும். உங்கள் அப்பா, அத்தை, பக்கத்து வீட்டு மளிகைக்கடை அண்ணன், இந்த மாதிரி. நான் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் காலியாகவே இருந்தது. நான் அந்த அவையில் இருந்தால் ஆதரவு என்றுதான் எழுதிப் போடுவேன். நீங்கள் எழுதிப் பார்த்து, உங்களுக்கு வேறு விதமாக வந்தால் எதிர்த்தே போடுங்கள், உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கிண்டலுக்குப் பயந்து மட்டும் போடாதீர்கள். பாலக்கோடு மண்டியில் தக்காளிக்கு நல்ல விலை கொடு என்று கேட்கிறவன் எல்லாம் தக்காளியா என்று ஹாஸ்டலில் கேளுங்கள்.

அப்பா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். படிக்கத்தான் போயிருக்கிறீர்கள், இதுவும் படிப்புதான்.

அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதை மக்கள் ஓட்டுக்கே விட்டார்கள். இங்கே ஐந்து நீதிபதிகளும் ஐந்நூறு எம்.பி.க்களும் முடிவு செய்வதைவிட மக்களிடம் கேட்டால் என்ன தப்பு? பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்? (ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், காரிமங்கலம்)

ஐயா, கேட்டார்கள்தான். அயர்லாந்தில் 2015 மே 22 அன்று ஓட்டெடுப்பு, 62 சதவீதம் ஆதரவு. அவர்கள் அரசியலமைப்பைத் திருத்தவே மக்கள் ஓட்டு வேண்டும், அதனால் வேறு வழியும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2017இல் தபாலில் படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள், 61.6 சதவீதம் சரி என்றது. ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கிற மேற்கு சிட்னியில், பாரமட்டா உட்படப் பல தொகுதிகளில் வேண்டாம் என்பதுதான் முந்தியது. சுவிட்சர்லாந்தில் 2021இல் 64 சதவீதம் ஆதரவு. இன்னொரு பக்கம் ஸ்லோவேனியாவில் 2015இல் மக்கள் வேண்டாம் என்றார்கள், 2022இல் அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் உண்டு என்றது. தைவானில் 2018இல் மக்கள் ஓட்டில் தோற்றது, அடுத்த வருடமே நாடாளுமன்றத்தில் சட்டம் வந்துவிட்டது, நீதிமன்றம் அதற்கு முன்பே கெடு வைத்திருந்ததால். ஆக மக்கள் ஓட்டு என்றால் ஒரே பதில்தான் வரும் என்றும் இல்லை, அதோடு முடிந்துவிடும் என்றும் இல்லை.

நம் நாட்டில் அப்படித் தேசிய அளவில் ஓட்டெடுப்பு நடத்த ஏற்பாடே இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நம் பக்கத்தில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது எவ்வளவு சாதாரணம்? உங்கள் வீட்டிலேயே இருக்கும், என் வீட்டில் இரண்டு உண்டு. இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் கல்யாணம் கூடாது என்று சொல்லிவிட்டு, வழக்கம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதால்தான் அது செல்லுகிறது. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் அதே கல்யாணம் சட்டப்படி செல்லாது, கேட்டாலே முகம் சுளிப்பார்கள். நாளைக்கு டப்ளினில் ஒரு ஓட்டெடுப்பு வைத்து, தருமபுரிக்காரன் அக்கா மகளைக் கட்டலாமா என்று கேட்டால் எத்தனை சதவீதம் வரும் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர்கள் வேண்டாம் என்று சொல்ல மருத்துவக் காரணமாவது இருக்கிறது. டப்ளின்காரர்களுக்கு அந்த யோசனையெல்லாம் வேண்டியதே இல்லை, பிடிக்கவில்லை என்றே எதிர்த்துப் போடுவார்கள். அவர்கள்தான் பெரும்பான்மை.

அப்புறம் ஐயா, அடுத்தவர் கல்யாணத்துக்கு ஊர் ஓட்டுப் போடுவது எப்படி இருக்கும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் வீடுகள் எரிந்ததற்கு முன்னால் இருந்தது, வேறு வேறு சாதியில் பிறந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் செய்துகொண்ட ஒரு கல்யாணம். அன்றைக்கு அதைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் சுற்றுப்பக்கத்துப் பெரும்பான்மை என்ன சொல்லியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரும்பான்மை ஆட்சியைத் தேர்ந்தெடுக்கட்டும், ரோட்டை எங்கே போடுவது என்று சொல்லட்டும். யார் யாரோடு வாழ்வது என்பதை அதனிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் ஓட்டே வேண்டாம் என்கிறவன் அந்தத் தம்பியை மட்டும் ஏன் ஓட்டுப் போடச் சொல்கிறான் என்று கேட்பீர்கள். பெட்டி வைத்தாச்சு ஐயா. கையில் சீட்டை வைத்துக்கொண்டு கொள்கை பேசிச் சும்மா இருந்தால், இருக்கிற நிலைமைக்கு ஓட்டுப் போட்ட மாதிரிதான்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த வியாதி. நம் முன்னோர்களிடம் இருந்ததா? (வாசகர், பர்கூர்)

வியாதி இல்லை என்று மருத்துவ உலகம் சொல்லி ரொம்ப நாள் ஆகிறது. மேல்நாட்டிலிருந்து வந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வெள்ளைக்காரன் 1860இல் எழுதிக் கொடுத்தது. இதைக் குற்றமாக்கிய அந்தப் பகுதியை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் எடுத்துப் போட்டது. முன்னோர்களிடம் இருந்ததா என்று பழைய பாட்டுகளைப் புரட்டி நிரூபிக்க எனக்கு விருப்பம் இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் நமக்கு வேண்டும் என்றால் பதிமூன்று வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதும் சேர்ந்துதான் வரும். அதை நிறுத்தத் தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்து அதிகாரிகளும் இன்னமும் மண்டபம் மண்டபமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இந்தச் சட்டம் வர வேண்டும் என்று ஆசைதான். ஆனால் தேர்தலில் எந்த வேட்பாளரும் இதைப் பேசுவதே இல்லை. இதை வைத்து ஓட்டுப் போட முடியுமா? (இல்லத்தரசி, மொரப்பூர்)

இதை மட்டும் வைத்து முடியாதுங்க. உங்கள் ஊர் ரயில் பாதை, ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, பிள்ளைகள் பல்லில் ஃபுளோரைடு கறை, இதெல்லாம் பார்த்துத்தான் போடுவீர்கள், போடவும் வேண்டும். ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர் வாசலில் நிற்கிற அந்த இரண்டு நிமிடம் உங்களுடையது. 2022இல் சுப்ரியா சுலே என்ற எம்.பி. மக்களவையில் இதற்குத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அந்த மாதிரி வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முழிப்பார். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை, மூன்றாவது தெருவிலும் ஒருத்தர் கேட்டால் ராத்திரி காரில் போகும்போது அதைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள்.

பெயர், ஊர் வேண்டாம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வயது 27. அந்த மாணவர் சீட்டில் எழுதப் போவது என்னைப் பற்றித்தான். வீட்டில் என் அக்கா மகளை எனக்குப் பேசி வைத்திருக்கிறார்கள், அவளுக்கு 19. மறுத்தால் அக்காவோடு உறவே போய்விடும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், இல்லையென்றால் சேலத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று நண்பன் சொல்கிறான். அக்காவிடம் தனியாகச் சொல்லிவிடலாமா, மாமாவும் இருக்கும்போது சொல்லட்டுமா என்று குழம்புகிறேன்.

தம்பி, கல்யாணம் ஆனால் சரியாகாது. சரியாக வேண்டியது எதுவும் இல்லை என்பதால். அந்த டாக்டரிடம் போகாதீர்கள். மாற்றிவிடுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதை 2021 தீர்ப்பிலேயே உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது, 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அது தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. காசையும் பிடுங்கிக்கொண்டு மனதையும் நோகடித்து அனுப்புவார்கள்.

உங்கள் மேல் எனக்கு இரக்கம் இருக்கிறது, ஆனால் இந்த விஷயத்தில் அந்தப் பெண்ணின் பக்கம்தான் முதலில் நிற்பேன். 19 வயதுப் பிள்ளை, சின்ன வயதிலிருந்து மாமா மாமா என்று உங்களையே பார்த்து வளர்ந்தவள், கல்யாணம் ஆகி இரண்டு வருடம் கழித்துத் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரும் அதையேதான் சொல்லும், விசேஷம் எதுவும் இல்லையா என்று மாதாமாதம் அவளிடம்தான் கேட்கும். உங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் மறுத்தால் அக்காவுக்கு வருத்தம், மறுக்காவிட்டால் அக்கா மகளுக்கு ஆயுசு முழுக்க. முதலாவது ஆறக் கூடியது.

முழுக் காரணத்தையும் இப்போதே எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தக் கல்யாணம் வேண்டாம், அவளைப் படிக்க வையுங்கள், செலவில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லலாம், அதுவும் பொய் இல்லை. சம்பளமும் தங்க இடமும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள். வீட்டில் யாராவது போலீஸுக்குப் போனாலும், இப்படிப்பட்டவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதியிலேயே 2022இல் சேர்த்திருக்கிறார்கள். பின்னால் உங்களுக்கென்று ஒருத்தர் அமைந்தால் சேர்ந்து வாழத் தடை இல்லை, திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்று இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. புத்தகத்தில் பெயர் ஏறாது, அவ்வளவுதான், அதற்குத்தான் அந்த மசோதா எல்லாம். ராத்திரி தூக்கம் வராமல் தப்பாக ஏதாவது தோன்றினால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

மாமா கூட இருக்க வேண்டாம். முதல் தடவை அக்காவிடம் மட்டும், அதுவும் மாமா வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்பது அக்காவுக்குத்தான் தெரியும்.